மரக்கிடங்கை வாங்காதீங்க

மார்ச் 4

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கீங்க? ஃபோன் பண்ணினா எடுக்க மாட்டேங்கிறே. நேர்ல வந்தா கடை ஷட்டரை இறக்குறே. அதனால இந்த வயசுல பேனா பிடிக்க வேண்டியதாப் போச்சு.

விஷயத்துக்கு வர்றேன். எந்த இடத்துல என்ன வரணும்னு உங்க ஏரியாக்காரங்களே கூடித் திட்டம் போடுறீங்களாமே. ஓட்டுல ஜெயிச்சா, அதைத் தாண்டி நகராட்சி யாருக்கும் கட்டட அனுமதி கொடுக்காதாம். வரைபடத்துக்கு நகல் எடுக்கிறது உன் ஜெராக்ஸ் கடையிலதான்னு கேள்வி.

பழைய ஐஸ் ஃபேக்டரி, மரக்கிடங்கு, ரெண்டு இடமும் விலைக்கு வருது. ஒண்ணுல கடையும் வீடும் கட்டலாம், இன்னொண்ணு சும்மா கிடக்கப் போகுதுன்னு பேச்சு. எது எதுன்னு ஒரு வார்த்தை எழுது. இருபது வருஷமா இடத் தரகு பண்றவன் நான், என்கிட்டயே மறைச்சா எப்படி?

இப்படிக்கு,
இன்னும் உன் வீட்டுக்காரன்தான்


மார்ச் 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். பாப்பாவுக்குப் பதினாலு முடிஞ்சது. இடது காது கேக்காததால வகுப்புல முதல் பெஞ்சுல உட்காருறா. மத்தபடி குறையில்லை.

மறைக்க இங்க ஒண்ணுமே இல்லை. எல்லாம் நூலகச் சுவர்ல ஒட்டியிருக்கு, யார் வேணா பார்க்கலாம். நாலு மாசமா ஞாயிற்றுக்கிழமைன்னா தெருத் தெருவா நடந்தோம். ஆம்புலன்ஸ் எந்தத் திருப்பத்துல மாட்டுதுன்னு, கூட்டத்தை நடத்துற நர்ஸ் அக்கா காட்டினாங்க. மழைத் தண்ணி எங்க தேங்குதுன்னு லாண்டரிக்காரர் கோடு போட்டார். தண்ணி தேங்குற இடத்துக்கு அவரவர் கையால வரைபடத்துல புள்ளி வச்சாங்க. முக்கால்வாசிப் புள்ளி மரக்கிடங்குலதான் விழுந்தது. மழை வந்தா அங்க முழங்கால் தண்ணி. அதனால அது திறந்தவெளி, தண்ணி இறங்கவும் பிள்ளைங்க விளையாடவும். கடையும் வீடும் ஐஸ் ஃபேக்டரி இடத்துல.

மரக்கிடங்கை வாங்காதீங்க.

பாப்பாவின் அம்மா


மார்ச் 15

அன்புள்ள மனைவிக்கு,

உன் கடிதத்தைப் படிச்சிட்டு வாய்விட்டுச் சிரிச்சேன். வாங்காதீங்களாம்! என்ன அக்கறை! நீ கிழக்கைக் காட்டினா நான் மேற்கே போகணும்னு எனக்குத் தெரியாதா? பதினாறு வருஷமா உன்னைப் பார்க்கிறேன். மரக்கிடங்கை உங்க அண்ணனுக்காக ஒதுக்கி வச்சிருக்கே, அவ்வளவுதானே?

கூட்டத்துக்கெல்லாம் நான் வர மாட்டேன். பொழுது போகாதவங்க பேசிக்கிட்டு இருக்கட்டும். மரக்கிடங்குக்கு இன்னைக்குத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன். அடுத்த மாசக் கடைசியில பத்திரம்.

உன்கிட்ட ஏமாறாத ஒரே ஆள்


மார்ச் 22

பாப்பாவின் அப்பாவுக்கு,

வரைபடத்தோட நகல் இணைச்சிருக்கேன். பச்சை அடிச்சிருக்கிறது மரக்கிடங்கு. ஏப்ரல் இருபது வரைக்கும் யார் வேணாலும் ஆட்சேபம் சொல்லலாம். வெளியாளா இருந்தாலும் இடத்துக்காரர்னா நர்ஸ் அக்கா உட்கார வச்சுக் கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்குவாங்க. ஓட்டு மே மாசம். அதுவரைக்கும் பத்திரம் முடிக்காதீங்க.

நான் சொன்னா நம்ப மாட்டீங்க, தெரியும். நாலு வயசுல பாப்பா அந்த இடது காதைப் பிடிச்சுக்கிட்டு மூணு நாள் அழுதா. டாக்டர்கிட்ட போகணும்னு உங்க காலைப் பிடிச்சேன். அம்மா வீட்டுக்கு ஓட ரெண்டு பேரும் நாடகம் போடுறோம்னு வெளியே பூட்டிட்டுச் சாவியோட போனீங்க. அப்பவும் நான் உண்மையைத்தான் சொன்னேன்.

பாப்பாவின் அம்மா


ஜூன் 2

அடி பாவி,

ஜெராக்ஸ் கடைக்காரிக்கு எந்த இடத்துல வேணா பச்சை அடிக்கத் தெரியும்னு நினைச்சு அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டேன். நேத்து நகராட்சியில போய் நின்னேன். இருநூத்துப் பதினோரு ஓட்டுல நூத்துத் தொண்ணூத்தாறு உங்க திட்டத்துக்காம். மரக்கிடங்குல ஒரு செங்கல் வைக்க முடியாதாம்! குடியிருக்கிற வீட்டை அடமானம் வச்சு வாங்கின இடம் அது. சொல்ற மாதிரி சொல்லி என்னைக் குழியில தள்ளிட்டே. இது பழிவாங்கல் இல்லாம வேற என்ன?

உன் சொல்லை அங்க எல்லாரும் கேக்கிறாங்கன்னு தெரியும். ஏதோ தப்பாயிடுச்சுன்னு சொல்லி மாத்து. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன். பாப்பா முகத்துக்காகவாவது செய்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 8

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஆமா, பழிவாங்கல்தான். மழுப்ப மாட்டேன்.

முதல் கடிதம் மட்டும் வெள்ளந்தியா எழுதினது. நீங்க சிரிச்சு எழுதின பதிலைப் பார்த்ததும் வழி தெரிஞ்சுபோச்சு. "மரக்கிடங்கை வாங்குங்க"ன்னு ஒரு பொய் எழுதியிருந்தா தப்பிச்சிருப்பீங்க. அதனால நெஞ்சறிஞ்சு உண்மையையே திரும்ப எழுதினேன். காது கதையையும் எழுதினா கண்டிப்பா நம்ப மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் எழுதினேன். நானே போய்த் தபால் பெட்டியில போட்டேன். பத்து வருஷமா நெஞ்சுல கிடந்த எரிச்சல் அன்னைக்கு அடங்கிச்சு. சந்தோஷமா இருக்கேன், வெட்கமே இல்லாம.

திட்டத்தை என்னால மாத்த முடியாது. முடிஞ்சாலும் மாத்த மாட்டேன். பிள்ளையைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் தண்ணியில நடந்தவங்க கேட்ட இடம் அது. நம்ம சண்டைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. என் ஓட்டு இருநூத்துப் பதினொண்ணுல ஒண்ணு.

உங்க கடிதத்தைப் பாப்பா படிச்சிட்டா. "அப்பாவுக்கு முன்னாடியே சொல்லலையா?"ன்னு கேட்டா. ரெண்டு தடவை சொன்னேன்னு சொன்னேன். கடிதத்தை மடிச்சு வச்சிட்டு, "பாவம் அப்பா"ன்னா. எனக்கு அந்தப் பாவம் வரலை.

அவகிட்ட மன்னிப்புக் கேட்கணும்னு தோணினா அவ பேருக்கே எழுதுங்க. என்ன எழுதினாலும் நம்புவா. என் பேருக்கு வந்தா பிரிக்க மாட்டேன்.

பாப்பாவின் அம்மா