நான் கட்டாத நார்வால்

அன்புள்ள அம்மாவுக்கு, அபொண்டி எழுதுவது. உங்கள் முட்டிவலி குறைந்ததா? மழைக்கு முன்பே அப்பா விதைத்துவிட்டாரா? நான் நலம். வயிறு நிறையச் சாப்பிடுகிறேன்.

இந்த மொம்பாசா ஓட்டலில் ஆட்டக்குழுவின் உடைகளைத் துவைத்து மடிப்பதுதானே என் வேலை. சனிக்கிழமை ஆட்டக்காரி ஒருத்திக்குக் காய்ச்சல். குழுத் தலைவர் ஒகெச், மணமான பெண்கள் இடுப்புக்குப் பின்னால் கட்டும் நார்வாலை என்னிடம் நீட்டினார்.

"இதைக் கட்டிக்கிட்டு ஆடு. இல்லேன்னா ஊருக்கு பஸ் ஏறு."

மணமாகாத நான் அதைக் கட்டினால் ஊரில் என்ன பேசுவார்கள்? கட்டாவிட்டால் வேலை போய்விடும். வாலைப் பிடித்தபடி நின்றேன்.

மூத்த ஆட்டக்காரி பெரெஸ் அக்கா அதைப் பிடுங்கினார். "ஏன்யா ஒகெச், இவ அப்பன் வீட்டுக்குப் பரிசமா எத்தனை மாடு ஓட்டிட்டுப் போனே? முதல்ல மாட்டை ஓட்டு, அப்புறம் வாலை நீட்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். "ஐயோ தாயே, இருக்கிற ரெண்டு பொண்டாட்டியே போதும்!" என்று ஒகெச்சும் சிரித்துவிட்டார். கன்னிப்பெண்கள் அணியும் இடுப்பு மணிகளோடுதான் ஆடினேன். வேலையும் தப்பியது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன். யாராவது நான் ஆடிய படத்தைக் காட்டினால் பயப்பட வேண்டாம், பின்னால் வால் இல்லை.

பொடிமீன் கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள். கடல்மீனில் நம் ஏரி வாசம் இல்லை. ஓட்டல் மணிச்சரம் இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது. என் பெட்டியிலுள்ள நீல மணிச்சரத்தையும் அனுப்புங்கள். கடிதத்தைக் கொண்டுவரும் பஸ்காரர் அவசரப்படுத்துகிறார், முடிக்கிறேன். சரத்தைப் பழைய அளவில் அனுப்ப வேண்டாம் அம்மா, நான்கு விரல் குறைத்துக் கோத்து அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
அபொண்டி