ஏழாம் பகுதியில் அக்கா

மார்ச் 4
சாப்பாட்டு இடைவேளையில், கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஃபிரேம் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, தொடர்கதையின் ஏழாம் பகுதியை முகநூலில் போட்டேன். கதாநாயகி கணவன் வீட்டை விட்டுப் பெட்டியோடு கிளம்பி, பஸ்ஸில் வழி நெடுக அழுகிறாள். மாலைக்குள் இருநூறு லைக். "நானும் அழுதுட்டேன்" என்று முப்பது பேர். உண்மையில் இது என் அக்கா கதை. அவளுக்கு முகநூலே கிடையாது. யார் போய்ச் சொல்லப் போகிறார்கள்?

மார்ச் 6
சொல்லிவிட்டார்கள். அக்காவிடம் கார் ஓட்டக் கற்கும் பெண், பாடம் முடிந்ததும், "மேடம், இதைப் படிங்க, மனசே ஆறல" என்று போனை நீட்டியிருக்கிறாள். அக்கா நேரே கடைக்கு வந்தாள். நான் ஒரு பெரியவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தேன்.

"என் வாழ்க்கைய ஊருக்கே படிக்கக் கொடுத்திருக்கே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

பேரை மாத்திட்டேனே என்றேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

"பேர மாத்தினா? அந்தப் பச்சைப் பெட்டி என்னுதுதானே?"

பெரியவர் எழுத்துப் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, பாவம்.

மார்ச் 7
ஏழு பகுதிகளையும் நீக்கிவிட்டேன்.

மார்ச் 11
"என்னாச்சு, உடம்பு சரியில்லையா?" என்று வாசகர்கள். என்னவென்று சொல்ல? அக்கா போனை எடுப்பதில்லை. எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். போயும் போயும் நாலு லைக்குக்காக — சே.

மார்ச் 15
வந்துவிட்டாள்! கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்கிறாள். அந்தப் பெண் சேமித்து வைத்திருந்ததை வாங்கி ஏழு பகுதிகளையும் படித்தாளாம்.

"ஏண்டி, அன்னைக்கு பஸ்ஸுல நான் அழுதேன்னு உனக்கு யார் சொன்னா?"

"அழலையா?"

"ஜன்னல் சீட்டு கிடைச்சுது. காத்து நல்லா வந்துச்சு. தூங்கிட்டேன். கல்யாணமான ரெண்டு வருஷத்துல அன்னைக்குத்தான் நிம்மதியா தூங்கினேன். எழுதறதுன்னா அதை எழுது."

அந்த வீட்டை விட்டு வந்ததிலிருந்து ஒன்பது வருஷமாக இவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன். ஒரு தடவையாவது கேட்டேனா? கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு, தப்பைத் திருத்த வந்தாளே. இதற்கு எப்படி நன்றி சொல்வேன்?

மார்ச் 22
பழைய ஆறு பகுதிகளோடு புது ஏழாம் பகுதி. அக்கா படித்துத் தலையாட்டிய பிறகே போட்டேன். லைக் அறுபதுதான். ஆனால் ஒருத்தி எழுதியிருந்தாள்: "நானும் அப்படித்தான் தூங்கினேன்." அக்காவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

மார்ச் 29
எட்டாம் பகுதி. அவள் முதன்முதலில் ஸ்டியரிங் பிடித்த நாள். அவள் சொல்லச் சொல்ல நான் போனில் தட்டினேன்.

"மெதுவா சொல்லுக்கா."

"நீ வேகமா தட்டு."

நடுவில் சட்டென்று நிறுத்தினாள். "இது கதைக்கு இல்ல. உனக்கு மட்டும்" என்று ஒன்று சொன்னாள்.

கதையில் எழுதவில்லை. இங்கேயும் எழுதவில்லை.