என் பெயரில் வாங்கிய வெற்றிலை

ஜூன் 4, புதன்

மாமா என்னை முதலாளியிடம் விற்றுவிட்டார்.

காலையிலிருந்து மேல்காற்று. மில் ஆபீஸில் என் மேஜையெல்லாம் மண். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள்.

மில் வாசல் டீக்கடையில் ஸ்டோர் கணேசன் பிடித்துக்கொண்டான். "என்ன மாப்ளே, அபிசீனியா பயணம் ரத்தாமே? ஒங்க மாமா நேத்து முதலாளி வீட்ல வெத்தலை வாங்கிட்டாராம்ல?" பல் முப்பத்திரண்டும் தெரிந்தன.

அபிசீனியா என்றால் எத்தியோப்பியா. அந்த விஷயம் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. எனக்கு, அம்மாவுக்கு, அம்மாவின் தம்பியான மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. செப்டம்பரில் சேர வேண்டும். பாஸ்போர்ட்டுக்குச் சொத்துள்ளவர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே நான் நொடித்துப்போனால் திருப்பி அழைத்துவரும் செலவு அவர் பொறுப்பு. எங்கள் ஆசாரிமார் தெருவில் சொத்துள்ளவர் மாமாதான். மரக்கடை, சொந்த இடம். பங்குனியிலேயே, "காகிதத்தைக் கொண்டா மாப்ளே, கண்ணை மூடிக்கிட்டுப் போடுறேன்" என்றார். அம்மா சாட்சி.

சாயங்காலம் மரக்கடை பூட்டு. ஊரில் இல்லையாம். எந்த ஊர்?

ஜூன் 5, வியாழன்

காற்று அதேதான். கண்ணில் தூசி. குடை ரிப்பேருக்குக் கொடுத்தது மறந்தே போச்சு.

மாமா அகப்பட்டார். வாழைப்பழச் சீப்பு, தேங்காய், தட்டோடு முதலாளி வீட்டுக்கு உத்தரவு கேட்கப் போனாராம். பெரிய வீட்டு வேலையை விட்டுப் போகிறவன் சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாதாம். வேலையை விடுவது நான். உத்தரவு கேட்டது அவர்.

முதலாளி கோபப்படவில்லையாம். வெள்ளித் தட்டில் வெற்றிலை வைத்து நீட்டி, "ஆசாரி, ஒங்க மருமகன் எங்கயும் போக வேணாம். தேவகோட்டை நூல் டிப்போவை அவன் பார்க்கட்டும். மூணு வருசம்" என்றார். மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இந்த ஊரில் வாங்கினால் வாக்கு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கணக்கெழுதப் போனவர்கள் இப்படி வெற்றிலை வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். தவணை முடியாமல் எவனும் திரும்பியதில்லை. அவர்கள் தங்கள் கையால் வாங்கினார்கள்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"தட்டை நீட்டிக்கிட்டு நிக்கிறாக. இருங்க, மருமகனைக் கேட்டுட்டு வாறேன்னு சொல்லச் சொல்றியா?"

"ஆமா. சொல்லியிருக்கணும்."

"நீ சொல்லுவ. பி.எஸ்ஸி. எனக்குப் பெட்டி ஆர்டர் அங்குட்டுத்தானே இருக்கு?"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவருக்கே தெரிந்தது. மில்லுக்கு நூல் அடுக்கும் மரப்பெட்டி முழுக்க மாமா கடையிலிருந்து. எனக்கு மறந்தே போயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

முதலாளி கூப்பிட்டார். பிரியமாகப் பேசினார். "நீ நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரியப்பா." எதிரே நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நின்றுகொண்டே கேட்டேன்.

அவருடைய அக்கா மகன் எஸ்.எஸ்.எல்.சி. தேறவில்லை, அவன் எனக்கு மேனேஜர். சதவீதம் போடத் தெரியாது. அவன் கையெழுத்துப் போடும் ரிப்போர்ட் எல்லாம் நான் எழுதுவது. நான் ஆசாரி மகன். எத்தனை வருஷம் உழைத்தாலும் தேவகோட்டை டிப்போவுக்கு மேல் படி கிடையாது. அதையும் பரிசு மாதிரி கொடுக்கிறார்கள்.

"வெத்தலை நான் வாங்கலைங்க" என்றேன்.

சிரித்தார். "ஒங்க மாமா வாங்குனா நீ வாங்குன மாதிரிதானே. போ, அவரைக் கலந்துக்கிட்டு வா."

அவரைக் கலந்துகொள்ள வேண்டுமாம்.

ஜூன் 7, சனி

அரை நாள் லீவு. திருப்பத்தூர் பஸ், நின்றுகொண்டே. காலேஜில் கூடப் படித்தவனின் அப்பா அங்கே ரைஸ் மில் வைத்திருக்கிறார். ஜாமீன் போடுவார் என்று நம்பிப் போனேன். மோர் கொடுத்தார். காகிதத்தைப் படித்தார். பேனாவைத் திறந்தார். மூடினார்.

"தம்பி, காரைக்குடியில ஒங்க மாமா வெத்தலை வாங்கிட்டதாக் கேள்வி. அதுக்கு மேல நான் போட்டா நல்லாவா இருக்கும்? நாளைக்கு நானும் ஒங்க முதலாளியும் ஒரு பந்தியில உக்காரணும்."

எனக்கு முன்னால் அந்தச் சேதி பஸ் ஏறிப் போயிருக்கிறது.

திரும்பும்போது தலைவலி. குடை வாங்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேன், மாமா போனது முன்னமே தெரியுமா என்று.

"தெரியாம என்ன? பழம் நாந்தானே வாங்கிக் குடுத்தேன். நல்ல காரியமாப் போறவன் சொல்லிக்காமப் போனா வெளங்குமா? வெத்தலை வைப்பாகன்னு நான் என்ன கண்டேன்?"

"அவர் வாங்காம வந்திருக்கலாம்ல?"

"எந் தம்பி ஒனக்குக் கெடுதல் நெனைப்பானாடா? தேவகோட்டைன்னா வாரா வாரம் சோறு தின்ன வந்துருவ."

அம்மா சந்தோஷத்தை மறைக்கத் தெரியாதவள்.

பி.எஸ்ஸி. முடித்ததும் அதே தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் லீவுக்குப் பதிலாளாகக் கொஞ்ச நாள் கணக்கு எடுத்தேன். கையெல்லாம் சாக்பீஸ், தொண்டை வறண்டுபோகும். அந்த நாட்களில் மட்டும் நான் எவருடைய ஆளாகவும் இல்லை. அந்த இடம் பிறகு நிர்வாகியின் மச்சானுக்குப் போயிற்று. இங்கே வாத்தியார் ஆவதற்கும் ஒரு வீட்டில் பிறந்திருக்க வேண்டும். எத்தியோப்பியாவில் என்னை எவனுக்கும் தெரியாது. அது போதும்.

ஜூன் 9, திங்கள்

ஆபீஸ். டிப்போ போர்டுக்கு என் பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று மேனேஜர் கேட்டனுப்பினான். காகிதம் வெள்ளிக்கிழமைக்குள் சென்னை போய்ச் சேர வேண்டும். நாளைக்கே தபாலில் போட்டாக வேண்டும். முடிவு: மரக்கடை, ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து.

ஜூன் 10, செவ்வாய்

போனேன். அறுப்பு ஆட்கள் நாலைந்து பேர், வாடிக்கைக்காரர் ஒருவர். மாமா பலகை அளந்துகொண்டிருந்தார். "வா மாப்ளே, இங்குட்டு உக்காரு, காப்பி சொல்றேன்." நான் உட்காரவில்லை. காகிதத்தைப் பலகை மேல் விரித்தேன். பேனாவையும் வைத்தேன். அறுப்பு நின்றது.

"மாமா, வாக்கு எனக்கும் குடுத்தீக. எனக்குக் குடுத்தது முந்தி. அவுக தட்டு வெள்ளி, என் கையில தட்டே இல்லை, அம்புட்டுத்தானே? இந்தா, எல்லாரும் இருக்காக. போடுறீகளா, மாட்டீகளா? மாட்டேன்னாலும் ஒங்க வாயாலயே சொல்லுங்க."

காகிதத்தைக் கிழியாமல் ஓரமாக நகர்த்தினார். பேனாவைத் தொடாமல், அளந்த பலகையையே மறுபடி அளந்தார்.

"சொல்லுங்க மாமா."