மேலிருந்து பார்த்த ஆரம்பாக்கம்

ஆரம்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அருணாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி வசந்தகுமாரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்பும்படி வசந்தனிடம் சொல்லியிருக்கிறேன், அவசரப்படாமல் படி. அவனை இன்னும் கம்பெனியில் பர்மனென்ட் ஆக்கவில்லை, மூன்று வருஷமாக அடுத்த மாதம் அடுத்த மாதம் என்கிறார்கள். கேட்டால் வடநாட்டுப் பிள்ளைகளைக் காட்டி இவனை மிரட்டுகிறார்கள், அந்தப் பிள்ளைகளிடம் இவனைக் காட்டி மிரட்டுவார்கள், வேறென்ன. எனக்கு அதே பேக்கிங் வேலை, அதே வேன்.

போன வாரம் நீ சொன்னதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்தோனேசியாவில் ஏதோ ஒரு ஊர், காட்டை வெட்டாமல் காப்பாற்றினால் அந்த ஜனங்களுக்கு வருஷாவருஷம் பணம், காடு இருக்கிறதா என்று சாட்டிலைட் படத்தைப் பார்த்துச் சொல்வது நீ. இந்த வருஷம் ஒரு மூலை பழுப்பாகத் தெரிகிறது, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், காடு அழிந்தது என்று நீ எழுதினால் ஊருக்கே பணம் நின்றுவிடும் என்றாய். படம் பொய் சொல்லாதும்மா என்று சொல்லி, எனக்குப் புரிவதற்காக நம் ஊரையே மேலிருந்து எடுத்த படம் ஒன்றை அனுப்பினாய். பச்சையாய் இருந்த இடத்தில் காடு என்றும், பக்கத்தில் பழுப்பாய் இருந்த இடத்தில் மரம் வெட்டிய வெறும் நிலம் என்றும் நீயே எழுதியிருந்தாய்.

இன்று லீவு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்துக்கும் நடந்தே போனேன். பக்கத்து வீட்டு மணியம்மாளும் கூட வந்தாள், "இன்னாடி செண்பகம், சொந்த ஊர்ல போன பாத்துக்கினு வழி தேடுற, நேத்துதான் கட்டிக்கினு வந்தியா" என்று வழியெல்லாம் கிண்டல். நீ காடு என்று எழுதியது ஊர்த்தெரு ஆதிகேசவன் வீட்டுச் சவுக்குத் தோப்பு அருணா. நாவலும் காரையும் ஈச்சையும் அடர்ந்து கிடந்த நிஜக் காட்டை வேரோடு பிடுங்கிவிட்டுத்தான் அவர்கள் அங்கே சவுக்கு வைத்தார்கள். நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை வெட்டி லாரியில் ஏற்றுவார்கள், மறுபடி நடுவார்கள். உன் அப்பா அங்கே கூலிக்குச் சவுக்கு வெட்டியவர், லீவு நாளில் அவருக்குச் சோறு கொண்டுபோனவள் நீ. மேலே போனதும் உனக்கே அது காடாகிவிட்டது.

பழுப்பு இடம் நம் காலனி இடுகாடு. அப்பா போனபோது நீ வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது, அதனால் அன்று நடந்தது உனக்குத் தெரியாது. வேலிகாத்தான் முள் மண்டி உள்ளே போக வழியே இல்லை, பாடையை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு வசந்தனும் அவன் கூட்டாளிகளும் கத்தியால் வெட்டி வழி செய்த பிறகுதான் அவரைக் கொண்டுபோனோம். ஊர்க்காரர்கள் சுடுகாட்டுக்குச் சிமெண்ட் ரோடு, நமக்கு முள். மனு கொடுத்து அலுத்துப்போய், போன சித்திரையில் நாங்களே மொத்த முள்ளையும் வேரோடு எடுத்தோம். அடியில் மூச்சுவிட முடியாமல் கிடந்த நாவல் கன்றுகளை ஒன்றுகூட மிதிக்கவில்லை. செத்தவர் ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு புங்கன் கன்று வைத்திருக்கிறோம், அந்தந்த வீட்டார் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பேச்சு. அப்பாவுடையது என் இடுப்பு வரை வந்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் முள்ளும் பச்சை, ஆகவே உன் படத்தில் காட்டை அழித்தவர்கள் நாங்கள். மணியம்மாளிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை, "அங்க இருந்து பாத்தா நம்ம மூஞ்சி எப்டிடி தெரியும்" என்றாள்.

எங்கள் கம்பெனியிலும் மேலே கேமரா இருக்கிறது. நான் மேசையை விட்டு எழுந்தது அதில் தெரியும், ஏன் எழுந்தேன் என்பது தெரியாது. அந்த ஊர் ஜனங்கள் எதற்கு வெட்டினார்கள் என்று எனக்கும் தெரியாது, நிஜமாகவே காட்டை விற்றுத் தின்றவர்களாகவும் இருக்கலாம். உனக்கும் தெரியாது, அதனால் ஒரு ஆளை அனுப்பி நேரில் கேட்காமல் எழுதிக் கொடுக்காதே. கேட்கிறவர் ஊர்ப் பெரியவர்களோடு நின்றுவிடக் கூடாது. இங்கே வந்து ஆதிகேசவனைக் கேட்டால் காலனிக்காரன் காட்டை அழிச்சிட்டான் என்றுதான் சொல்வான். தாமதமானால் உன் மேலதிகாரி கோபிப்பார் என்றாய், கோபிக்கட்டும். பத்து நாள் தாமதமானால் காடு எங்கும் ஓடிவிடாது, தப்பாக எழுதிப் பணத்தை நிறுத்தினால் நாளைக்கு அவர்கள் வயிற்றுக்காகக் கோடாலியை எடுப்பார்கள், அப்புறம் உன் படம் நிஜமாகிவிடும். நம்மை யாரும் வந்து கேட்டதில்லை, கேட்கிற இடத்தில் இப்போது என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். நீ கேட்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எந்த ஊரில் இருந்தாலும் தலை நிமிர்ந்து நன்றாக இரு, அப்பா இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார். ஈரத்தலையோடு வெளியே போகாதே. மறக்காமல் அந்தப் படத்தில் வெறும் நிலம் என்று எழுதியதை அழித்துவிட்டு இடுகாடு என்று எழுது, மூன்று வருஷம் கழித்து மறுபடி எடுத்துப் பார், புங்கன் நிழல் விழுந்திருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
செண்பகம்