நீ வெட்டி எடுத்த வார்த்தைகள்

இன்று மதியம் பக்கத்து இருக்கைப் பெண் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். பாட்டை நிறுத்த மறந்துவிட்டாள். அந்த ஹெட்போனுக்குள் என் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

புதிதாகச் சேர்ந்த பெண், அவளைச் சொல்லி என்ன? கம்ப்யூட்டரில் கோடு எழுதும்போது போட்டுக்கொள், மனசு அலையாது என்று யாராவது கொடுத்திருப்பார்கள். நம் வேலையில் பாட்டு அப்படித்தான் கைமாறுகிறது. அது யார் குரல் என்று உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன், கேட்டுக்கொள்.

திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினால் ஆபீஸ் போய்ச் சேரும்வரை உனக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது. ஒரே இயர்போன். நீ செய்யும் இசையை முதலில் கேட்பவள் நான்தான். உங்கள் வீட்டு மேசை விசிறியின் முனகல், ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழும் மழை, துறைமுகத்திலிருந்து வரும் கப்பல் சங்கு என்று எதையாவது போனில் பிடித்து, அடியில் மெதுவாக ஒரு தாளம் போட்டு இணையத்தில் ஏற்றுவாய். ஆபீசில் பாதிப் பேர் அதைக் கேட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை. ஏன் ஒரு வரிகூடப் பாட்டு வைப்பதில்லை என்று கேட்டேன்.

"வார்த்த வந்தா மூள அது பின்னாடியே ஓடிப்பூடும்டி. கோடு எய்தறவனுக்கு வார்த்தயே இருக்கக் கூடாது" என்றாய்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் போன அன்று எங்கள் வீட்டில் எல்லாம் நீதான். பந்தல்காரரைக் கூப்பிட்டாய், வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாய். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு பாடினாள்: "கிரேனு மேல நின்னவரே, என்னக் கீழ வுட்டுப் போனீரே." நீ அவள் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாய். இன்னொரு கையில் போன். சொந்தக்காரர்களுக்குத் தகவல் அனுப்புகிறாய் என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து டீம் லீட் தன் ஹெட்போனை என்னிடம் நீட்டினார். "உன் தோஸ்து புதுசா ஒண்ணு போட்டுகீறா, கேட்டியா? இத்த வெச்சா கோடுல கீற தப்பு, பக் எல்லாம் தானா சிக்குது" என்றார்.

எனக்குக் கொடுக்காமல் ஒன்று போட்டிருக்கிறாயே என்பதுதான் முதலில் சுருக்கென்றது. பிறகு கேட்டேன். கிரேன் இல்லை, அப்பா இல்லை, ஒரு வார்த்தை இல்லை. வரியை இழுத்து முடித்துவிட்டு அம்மா விம்முவாளே, அந்த இழுவையும் விம்மலும் மட்டும் திரும்பத் திரும்ப. அடியில் உன் தாளம். அந்த விம்மல் எனக்குத் தெரியாதா? நிமிர்ந்து பார்த்தால் எதிரில் இருந்தவர்கள் ஹெட்போனோடு லேசாகத் தலையாட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

கேன்டீனில் உன்னைப் பிடித்துக் கேட்டேன். நீ தலைகூடக் குனியவில்லை.

"இன்னாடி இப்போ? வார்த்த ஒண்ணும் இல்லியே. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுதேடி."

"அம்மா கொரலு அவ்ளோ நல்லா கீதுடி. வுட மனசு வர்ல." டீயைக் கீழே வைத்துவிட்டு, "சரி, எட்த்துடறேன். பேஜாரு பண்ணாத" என்றாய்.

நீ எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆபீசில் இடத்தை மாற்றிக்கொண்டேன். மெட்ரோவில் வேறு பெட்டியில் ஏறினேன். "அவ இன்னாத்துக்கு வூட்டாண்டயே வர்றதில்ல?" என்று அம்மா கேட்டபோதெல்லாம், வேலை அதிகம் என்று உனக்காகப் பொய் சொன்னேன்.

அப்புறம் எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி உன் ஸ்கூட்டரை இடித்துவிட்டது. அந்தப் பாட்டை எடுக்க உன் கடவுச்சொல் வேண்டும், அது உன் தம்பிக்கும் தெரியவில்லை. குரலுக்குச் சொந்தக்காரரே புகார் கொடுத்தால் எடுத்துவிடுவார்கள் என்றார்கள். கொடுப்பதென்றால், இது அம்மாவின் குரல்தான் என்று அவளுக்கே போட்டுக் காட்ட வேண்டும். அதை நான் எப்படிச் செய்வேன்? சண்டையைப் பாதியில் விட்டுப் போனது போதாதென்று இதையும் என் தலையில் கட்டிவிட்டாய். இன்று என்னால் முடிந்ததெல்லாம் அந்த ஒரு ஹெட்போனை நிறுத்தியதுதான். நம்பினேன்டி உன்னை. அப்பா போன வீட்டில் என் அம்மாவையே உன்னை நம்பி விட்டிருந்தேன்.

உன் சாவுக்கு அம்மாவை நான் கூட்டி வரவில்லை. அவளே வந்தாள். உன் அம்மாவுக்குக் குரலே எழும்பவில்லை. என் அம்மா போய் உன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். உன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாடினாள். எங்கள் வீட்டில் நீ காபி கொடுத்ததையும் அவள் முதுகைத் தடவியதையும்கூட வைத்துப் பாடினாள். நிறுத்தும்மா, இவள் என்ன செய்தாள் என்று உனக்குத் தெரியாது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. வாசலில் ஒருவன் பதிவு செய்யப் போனைத் தூக்கினான். போய் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

அதனால் அந்த அழுகை எந்த ஹெட்போனிலும் வராது. உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அம்மா உனக்காகப் பாடியது முழுசும் என் மனசில் இருக்கிறது, ஒரு வார்த்தைகூட வெட்டாமல்.