நோயாளி வேடம்

அடுக்களைப் பேரரசி ஆவுடைத்தாய்க்கு, திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் சக்கரவர்த்தி தங்கபாண்டி எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? நான் யானை பலத்தோடு இருக்கிறேன்.

தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வருபவர்களிடம் எப்படிப் பேசுவது என்று போன வாரம் எங்களுக்குப் பயிற்சி. நோயாளி வேடம் எனக்கு. நர்ஸ் ஜெபமலர் வழக்கம்போல, "பிள்ளைகள நெனச்சீரா? வெக்கமா இல்ல?" என்று சீறியதில் கட்டடமே ஆடியது.

"திட்டண்டா மோளே, கேளு" என்றார் பயிற்சி தந்த மலையாள டாக்டர்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா அண்ணாச்சி? தனியாவா இருக்கிய?" என்றாள். என் கண்ணில் தாமிரபரணியே புரண்டது. அபார நடிப்பென்று எல்லாரும் கைதட்டினார்கள். ஜெபமலர் மட்டும் தட்டவில்லை. அன்றிலிருந்து என்னைத் தனியே சாப்பிட விடுவதில்லை.

நடிப்புதான், பயப்படாதே. எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துவிட்டது. பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் சிந்திவிடும். நீயே கொண்டு வா.

ஸ்ட்ரெச்சர் அழைக்கிறது.

உன் தங்கபாண்டி