நீ தேடச் சொன்ன ஆள்

கெய்ரோ, ஆப்தீன்
வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து

அன்பு மகள் அஷ்ரிக்கு அப்பா பக்ரி சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே உன் அம்மாவும் நானும் எங்கள் வயசுக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், என் இடது முழங்கால் ஒன்றுதான் வீட்டில் யார் சொல்வதையும் கேட்பதில்லை, மார்செய் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன். லிஃப்ட் ரமலானில் நின்றது, இன்னும் ஓடவில்லை, ஐந்தாவது மாடியிலிருந்து உன் அம்மா கூடையைக் கயிற்றில் இறக்கித்தான் ரொட்டியும் தக்காளியும் வாங்குகிறாள், கடைக்காரன் அழுகலாகப் பார்த்துப் போட்டால் மேலேயிருந்தே அவன் பரம்பரையை இழுக்கிறாள், ஆகவே அவள் உடம்பு நன்றாக இருக்கிறது என்று நீ தெரிந்துகொள்ளலாம். நம் ஊர்ச் சங்கத்தின் கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள், அதனால் இந்த மாதக் கூட்டம் மாடிப்படியில் நடந்தது, தலைவர் மேல்படியில் உட்கார்ந்துகொண்டார், அதற்கும் ஒரு சண்டை வந்தது. உன் பெரியப்பா மகள் நஜ்லா லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறாள், அவள் கையில் இந்தக் கடிதமும் காய்ந்த வெண்டைக்காய்ப் பொடி இரண்டு பொட்டலமும் கொடுத்துவிடுகிறோம், ஒன்று உனக்கு, ஒன்று அவளுக்கு, இரண்டையும் நீயே வைத்துக்கொள்ளாதே. ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் பாதியில் விட்டுவிடுவேன், அதுதான் காரணம்.

நம் நூபியா ஜனங்களைப் பற்றி நீ எடுக்கிற படத்துக்காக ஒரு பழைய சினிமாவின் துண்டை எனக்கு அனுப்பியிருந்தாய். பணக்கார வீட்டு வாசலில் தலைப்பாகையும் வெள்ளை அங்கியுமாக ஒரு வாட்ச்மேன், விருந்தாளி வந்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார், அவன் பல்லைக் காட்டிக்கொண்டு, "அம்மா வெளிய போயிட்டான், ஐயா உள்ள படுத்திருக்கா" என்கிறான், விருந்தாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், அவ்வளவுதான், நாற்பது விநாடி. அதோடு நீ பேசி அனுப்பியதை நாலு தடவை போட்டுக் கேட்டேன். "அப்பா, நீங்க முப்பது வருஷம் ஸ்டூடியோல லைட்மேனா இருந்தவரு, உங்களுக்குத் தெரியாம இருக்காது. இந்த ஆள் நம்ம நூபியா ஆளா, இல்ல கறுப்பு பூசிக்கிட்ட வேற எவனாவதா? வேற ஆளா இருந்தா விட்டுடுறேன். நம்ம ஆளா இருந்து, உயிரோடவும் இருந்தா, கேமரா முன்னாடி உக்கார வச்சு ஒரே ஒரு கேள்வி கேக்கணும். யார் பேசுறதப் பாத்து இப்படிப் பேசிக் காட்டுனேன்னு கேக்கணும்" என்று சொல்லியிருந்தாய். உன் குரலில் இருந்த சூடு எனக்குத் தெரிந்தது. சங்கத்துக் கிழவர்களிடமும் கேட்டாயாம், ஒருத்தருக்கும் தெரியவில்லையாம். அத்தனை பேருக்கும் தெரியும் மகளே, எனக்காக வாயை மூடிக்கொண்டார்கள். அந்த ஆள் நம்ம ஆள்தான், கறுப்பும் பூசினார்கள். அது நான். மூன்று வாரமாக விசாரிக்கிறேன் விசாரிக்கிறேன் என்று உன்னை இழுத்தடித்தேன், உன் அம்மா நேற்று, "நாளைக்குள்ள எழுதலைன்னா நானே ஃபோன் போட்டுச் சொல்லிடுவேன், நான் சொன்னா எப்படிச் சொல்வேன்னு உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டாள். தெரியும், அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். நீ பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்பு. அந்த வேஷத்துக்கு வர வேண்டியவர் வரவில்லை, நான் ஏணி மேல் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன், டைரக்டர் அண்ணாந்து பார்த்தார், "இவன் போதும், இறங்குப்பா" என்றார், இறங்கினேன். மேக்கப்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இது போதாது என்று மேலே இன்னொரு பூச்சு பூசினார், கறுப்பனுக்கே கறுப்பு பூசுகிற அதிசயத்தை அன்றைக்குத்தான் கண்ணாடியில் பார்த்தேன். நான் கெய்ரோவில் பிறந்தவன், பள்ளிக்கூடத்தில் அரபு இலக்கணத்தில் முதல் மார்க் வாங்கியவன், எனக்கு என்ன தெரியும், வசனத்தை ஒழுங்காகச் சொன்னேன். "அம்மா வெளிய போயிருக்காங்க, ஐயா படுத்திருக்காரு." டைரக்டர் கத்தவில்லை, நல்ல மனிதர், சலிப்பாக, "அப்படி இல்லப்பா, உங்க ஆளுங்க பேசுற மாதிரி பேசு" என்றார். நான் எங்க ஆளுதானே, நான் பேசுற மாதிரிதானே பேசினேன் என்றேன். அதற்கே எல்லோரும் சிரித்தார்கள். கதாநாயகி நாற்காலியில் விசிறிக்கொண்டு காத்திருக்கிறாள், விளக்குகள் சூடேறுகின்றன, அத்தனை கண்ணும் என் மேல். அப்போது என் அப்பா ஞாபகத்துக்கு வந்தார்.

உன் தாத்தா ஹம்தூன் இருபது வயசில் தெற்கே நூபியாவிலிருந்து கெய்ரோ வந்து ஒரே வீட்டில் முப்பத்தைந்து வருஷம் சமையல்காரராக இருந்தவர். நம் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தானே, அவருக்கு அரபில் ஆணும் பெண்ணும் கடைசி வரை கலந்தே வரும், இறைச்சிக்கடைக்காரனை அவள் என்பார், பக்கத்து வீட்டுக்காரியை வாடா என்பார், யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. பேசியது அந்த அரபுதான் என்றாலும் சந்தையில் அவரை ஏமாற்றியவன் கிடையாது. நான் அவர் குரலை எடுத்தேன். பேசுவதற்கு முன் தலையை லேசாகச் சாய்ப்பாரே, அதையும் எடுத்தேன். முதல் ஷாட்டிலேயே ஓகே, டைரக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மதியம் நடிகர்களோடு உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள், அதுவரை நான் ஏணியடியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறேன், ஸ்டூடியோவில் என் பெயர் பக்ரி என்று பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

படம் வந்தது. தாத்தாவைத் திறந்தவெளிக் கொட்டகைக்கு நானே கூட்டிப்போனேன், நான் விளக்குப் போட்ட படம் என்று மட்டும் சொன்னேன், அத்தனை பூச்சுக்குள் என்னை அடையாளம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். என்னைத் தெரிந்ததோ இல்லையோ, அவருக்குத் தன்னைத் தெரிந்துவிட்டது. கொட்டகை முழுக்கச் சிரித்தது, எங்களுக்கு முன்வரிசையில் இருந்தவர் அந்த வசனத்தை உடனே திருப்பிச் சொன்னார், அவர் பிள்ளைகளும் சொன்னார்கள். தாத்தா கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை பார்த்தார். வெளியே வந்ததும் நம் மொழியில், "லைட் நல்லா இருந்துச்சுடா" என்றார். அடுத்த வாரம் காய்கறிக்காரன், "என்ன பெரியவரே, அம்மா வெளிய போயிட்டானா" என்று அவரிடம் கேட்டிருக்கிறான், பகையில்லை, பிரியமாகத்தான் கேட்டிருக்கிறான். அதே ஆள் இருபது வருஷமாக அதே பேச்சைக் கேட்டுக்கொண்டு தக்காளி நிறுத்துப் போட்டவன், ஒரு நாள் சிரித்ததில்லை, படம் வந்த பிறகுதான் அது அவனுக்கு வேடிக்கையாகக் கேட்க ஆரம்பித்தது. இதைத்தான் நீ உன் படத்தில் சொல்ல வருகிறாய் என்று நினைக்கிறேன், நீ படித்த வார்த்தைகளில் சொல்வாய், நான் காய்கறிக் கடையில் பார்த்தேன். தாத்தா அதற்குப் பிறகு வெளியாட்களிடம் அரபு பேசவில்லை. பதின்மூன்று வருஷம். எங்கே போனாலும் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவார், அவர் நம் மொழியில் சொல்வார், அவள் அரபில் சொல்வாள். தாத்தாவுக்கு அரபு தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், உன் படத்தில் அவர் புகைப்படம் வருகிற இடத்தில் அப்படியே சொல்லியும் இருக்கிறாய், அதை மாற்றிவிடு. தெரியும். என்னால் நிறுத்திவிட்டார்.

அதோடு நான் அந்த வேஷத்தை விட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. விடவில்லை. இன்னும் ஐந்து படத்தில் அதே தலைப்பாகை, அதே பேச்சு, தாத்தா வீட்டில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தும் போனேன். கடைசியில் ஒரு சிரிப்பு நடிகர் என்னைவிட நன்றாக அதைச் செய்கிறார் என்று அவர்களே என்னை விட்டார்கள். பெருநாளுக்குப் பெருநாள் டிவியில் அந்தப் படம் வரும், நான் டீ போடுகிறேன் என்று எழுந்துபோய்விடுவேன், அப்பாவுக்கு டீ போடுவதில் எவ்வளவு ஆசை என்று நீ கேலி செய்வாய். மூன்றாம் வகுப்பில் உன்கூடப் படித்த பிள்ளைகள் அந்த வசனத்தைச் சொல்லி உன்னைக் கிண்டல் செய்து, நீ ஒருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டு அழுதுகொண்டே வந்தாய், "அந்த ஆளுக்கு மூளையே இல்லையாப்பா" என்று என்னைக் கேட்டாய். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், "படம்தானேம்மா, நீ சாப்பிடு" என்றேன். உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது.

அந்த வருஷம்தான் தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு நாள் நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன், உன் அம்மா உன்னைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். டாக்டர் ஒரு சின்னப் பெண், எங்கே வலிக்கிறது என்று அவரிடம் கேட்டிருக்கிறாள், அவர் வாயைத் திறக்கவில்லை, கையால் காட்டியிருக்கலாம், அதுகூடச் செய்யவில்லை. நான் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தேன். அந்தப் பெண், "உங்க அப்பாவுக்கு அரபு புரியாதா" என்று என்னிடம் கேட்டாள். அவள் போன பிறகு தாத்தா மெதுவாக, "பொம்பளப் புள்ளடா அது, வாய் தவறி டா போட்டுட்டா சிரிச்சிடுவாளோன்னு இருந்தேன்" என்றார். அதனால் அவர் இறந்தார் என்று சொல்ல வரவில்லை, நோய் ஏற்கெனவே முற்றியிருந்தது. அந்த ஒரு மணி நேரம் வலியை வெளியே சொல்லாமல் படுத்திருந்தார், அதைத்தான் சொல்கிறேன். இதை உன் அம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

நீ இதுவரை எடிட் செய்து அனுப்பியதை முழுக்கப் பார்த்தோம். உன் அம்மாவுக்குக் கோபம், "பிரெஞ்சுக்காரங்க எனக்கு அந்த ஒரு உடுப்புதான் இருக்குன்னு நினைப்பாங்க, அடுத்த தடவ சொல்லிட்டு எடுக்கச் சொல்லுங்க உங்க மகள" என்கிறாள். என் புகார் வேறு. அதில் நம்மவர்கள் எப்போது பார்த்தாலும் நதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எழுபத்துமூன்று வருஷத்தில் நான் நதியைப் பார்த்து உட்கார்ந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு மதியம் தேறாது, மெட்ரோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் அதிகம். அவர்கள் நம்மை வாசலில் நிறுத்தினார்கள், நீ கரையில் உட்கார வைக்கிறாய், உன் படத்தைப் பார்த்தவன் நாளைக்கு நஜ்லாவிடம் நீங்கள் ஏன் நதியைப் பற்றிப் பேசுவதில்லை என்று கேட்பான், கோபப்படாமல் யோசி. இன்னொன்று, அடுப்படியில் அம்மாவுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பி எடுத்திருக்கிறாய், அவள் முகம் இருண்டுவிட்டது. எங்கள் காலத்தில் சிவப்பான கதாநாயகிக்கு வைத்த விளக்கிலேயே எங்களையும் எடுத்துவிடுவார்கள், அதனால்தான் எங்களுக்குப் பல் மட்டும் தெரிந்தது, ஜனங்களும் எங்களுக்குப் பல் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். விளக்கை நேராக முகத்தில் அடிக்காதே, வெள்ளைத் துணியில் அடித்துத் திருப்பு, பக்கவாட்டில் விழட்டும், ஒரு கன்னம் முழுக்கத் தெரியும்.

ஆகவே ஏப்ரலில் நீ வரும்போது அந்த ஆள் உன் கேமரா முன்னால் உட்காருவான். மேக்கப் வேண்டாம், பவுடர்கூட வேண்டாம், என்னுடைய சாம்பல் நிறக் கோட்டைச் சலவைக்குக் கொடுத்திருக்கிறேன். விளக்கை நான்தான் வைப்பேன், அதில் பேச்சே இல்லை. கறுப்பு மனிதர்களைப் பற்றிக் கறுப்புப் பெண் எடுக்கிற படத்தில் சொந்த அப்பனே இப்படி வருவது உனக்குத் தலைகுனிவு என்று தோன்றினால் சொல், அதுவும் சரிதான், ஆனால் அந்த நாற்பது விநாடியை மட்டும் வெட்டி எறிந்துவிடாதே, ஆளைத் தெரியவில்லை என்றும் போடாதே. உன் அம்மா உனக்கும் உன் கூட வேலை செய்கிறவர்களுக்கும் துஆ செய்கிறாள், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள், உன் கண்ணுக்கும் கைக்கும் அல்லாஹ் பலம் தரட்டும், எடுத்த படம் நல்லபடியாக முடிந்து பலர் பார்க்கட்டும். மறக்கக் கூடாது என்று ஒன்றே ஒன்று சொல்கிறேன். இதைப் படித்ததும் மனசு இளகி அந்தக் கேள்வியை மாற்றப் பார்ப்பாய், எந்தச் சூழ்நிலையில் செய்தீர்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்பாய், உன்னை எனக்குத் தெரியும். மாற்றாதே. எனக்கு அனுப்பினாயே, அதே வார்த்தையில், அதே சூட்டோடு, யார் பேசுறதப் பாத்து இப்படிப் பேசிக் காட்டுனேன்னு கேள். என் அப்பா பெயரை முழுசாக, அரபில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். கேமரா ஓடும்போது என்னை அப்பா என்று கூப்பிடாதே. நிறுத்திய பிறகு கூப்பிடுவாயா என்று மட்டும் இந்தக் கடிதத்தில் கேட்கக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன், கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஹம்தூன் மகன் பக்ரி